பொக்கையின் வேண்டுதல்

குழாய் வேலை பார்க்கிறவர் ஒரு புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்க மாட்டார். வரவேற்கிறவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். அண்ணாந்து, எங்கே ஈரம் ஊறியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். இந்தப் பிளம்பரும் அப்படித்தான். விமானம் மாறி, பஸ் மாறி, இடுப்பு விட்டுப்போய் அந்த அனாதை இல்லத்துக்கு வந்து சேர்ந்த மதியம், பெரிய சிஸ்டர் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவர் அந்தம்மாவின் தலைக்கு மேலே சுவரில் வழிந்திருந்த பச்சைக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள்தான் முழங்கையில் இடித்தாள்.

"அப்பா, கை குடுங்க. அவங்க எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"மேல டேங்க் நெறஞ்சு வழியுதும்மா."

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல கை குடுங்க."

கொடுத்தார். கொடுக்கும்போதும் கண் மேலேதான் இருந்தது.

ஊரில் பங்குச் சாமியார் சொல்லித்தான் இருவரும் வந்திருந்தார்கள். கடல் தாண்டி இருந்த அந்த இல்லத்துக்குச் சேவை செய்ய வருகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. வருவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், போகும்போது அழுவார்கள். குழாயில் கை வைக்கத் தெரிந்த ஒரு ஆள் வந்ததில்லை. இரும்புக் குழாயெல்லாம் துருப்பிடித்து, திறந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "நீ ஒரு மாசம் போய்ட்டு வாயேன். பொண்ணையும் கூட்டிட்டுப் போ, பரிட்சைதான் முடிஞ்சிடுச்சே" என்றார் சாமியார். பிளம்பர் எதையும் யோசித்துத்தான் சொல்லுகிற ஆள். அன்றைக்கு யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. மனைவி பிரிந்துபோய், வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். சண்டை சச்சரவு என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் இவர் வாய் திறந்தால்தானே. "செவத்தோட குடித்தனம் நடத்த என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு ஒருநாள் கிளம்பிப் போனாள். பத்தாம் வகுப்புப் பரிட்சை முடியட்டும் என்று மகள் அப்பாவோடு இருந்தாள். பரிட்சை முடிந்த கையோடு, ஒரு காலை வேளையில், "மேல படிக்க நான் அம்மாகிட்டயே போயிடறேன்பா" என்றாள். அப்பா கழற்றிக்கொண்டிருந்த குழாயிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிம்மா. உன் இஷ்டம்" என்றார். பேச்சு அவ்வளவோடு முடிந்துபோயிற்று.

இந்த ஒரு மாசம் முடிந்து ஊர் திரும்பினதும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவாள். அதற்குள் அவள் மனசு மாறிவிடாதா என்ற நப்பாசையில்தான் மனுஷன் அவளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர்தான் கல்லுளிமங்கன் ஆயிற்றே.

ஆனால் வந்த இடத்தில் இருவரும் சேர்ந்திருக்க வழியில்லாமல் போயிற்று. மகளுக்குப் பெண்பிள்ளைகள் தூங்கும் நீளமான கூடத்தில் ஒரு கட்டில். அப்பாவுக்குப் பின்கட்டில், உடைந்த பெஞ்சுகளும் பழைய சைக்கிள்களும் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மதில் சுவர். வானம் எந்நேரமும் மூடிக் கிடந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நசநசத்த மழை, பெய்கிறதா விட்டதா என்று தெரியாத மழை, துவைத்துப் போட்டதைக் காயவே விடவில்லை. ஈரத் துணியும் சோப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கலந்த ஒரு வாடை கட்டடம் முழுக்க இருந்தது. மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். கூட ரொட்டி, முட்டை, தண்ணீராக ஒரு சூப்.

அங்கே தமிழ் பேசத் தெரிந்தவள் சமையல்காரம்மா ஒருத்திதான். எந்தக் காலத்திலோ வீட்டு வேலைக்கென்று அந்த நாட்டுக்கு வந்து, கூட்டிவந்தவன் ஏமாற்றிவிட, சிஸ்டர்களிடம் வந்து ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவள். தமிழ் கேட்க ஏங்கிப்போயிருந்தாள். வந்த அன்றே பிளம்பரிடம் தன் கதை, சிஸ்டர்கள் கதை, எதிர்க்கடைக்காரன் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவர் "ம்" கொட்டிக்கொண்டே சூப்பைக் குடித்தார்.

"ஏன் தம்பி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

"இல்லக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என் தலையெழுத்தப் பாருங்க. இத்தன வருஷம் கழிச்சுத் தமிழ் பேச ஒரு ஆள் வந்தா, அந்த ஆளு ஊமை."

மகள் அப்படியில்லை. காலையில் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, ஈர்கொல்லி போட்டு வாரி, இரவில் நனைத்த விரிப்புகளை அலசிப் பிழிந்து, சட்டைக்குப் பொத்தான் தைத்து, மூக்கைச் சிந்தி, சண்டையை விலக்கி, நாள் பூராவும் அவர்கள் நடுவிலேயே கிடந்தாள். பேசாமல் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட முடியுமா? கண்ணை மூடு, கையைத் தூக்கு, கடிக்காதே என்று தொடங்கிய அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குக் கிடுகிடுவென்று ஒட்டிக்கொண்டது. வந்த மாசம் முடியுமுன்பே அவர்கள் கோள் சொன்னால் தீர்ப்புச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். இதைச் சமையல்காரம்மாவே கவனிக்கவில்லை. அப்பாவுக்குச் சுத்தமாகத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. குளியலறைக்குப் பின்னால் சுவரை உடைத்துப் பழைய குழாயை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். குழாய் துண்டானதும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பிள்ளைகள் கூச்சல், வாளி உருளும் சத்தம், அதற்கு நடுவே மகள் என்னமோ அந்த ஊர்ப் பாஷையில் மடமடவென்று சொல்ல, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துபோவதோடு சரி. மழையில் நனைந்துகொண்டே குத்த வைத்து, குழாய் வாயில் காதைக் கொடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் ஏதோ உளறி விளையாட்டுக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தார். புதுக் குழாயை எடுத்துப் பசை தடவிச் சொருக அவருக்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் ஒரு பிள்ளைக்கு ஒப்படைத்துவிடுவார்கள். மாலை ஜெபத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று, தன் ஆளுக்காகச் சத்தமாக வேண்டிக்கொள்ளும். எல்லாரும் 'ஆமென்' சொல்வார்கள். தன் ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு, நாமும் ஒருத்தருக்குக் கொடுக்கலாம் என்று தோன்றட்டுமே என்று பெரிய சிஸ்டர் ஏற்படுத்தியது.

மகளுக்கு வாய்த்த பையன் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது, பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டிருந்தவள், "வெந்நீர்" என்றாள். அவன் வேண்டிக்கொண்டான். அடுத்த நாளே பிளம்பர் பாய்லருக்குப் போகிற குழாயில் உப்புப் படிந்து அடைத்திருந்ததைக் குடைந்து எடுத்தார். வெந்நீர் ஆவி பறக்க வந்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஜெபத்தால்தான் வந்தது என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். குடைந்தவரை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

இதில் வயிறெரிந்தது பிளம்பருக்கு வாய்த்த சின்னப் பெண்ணுக்குத்தான். முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் கருப்பாக ஒரு வாசல் தெரியும். மகள் அவளுக்குப் பொக்கை என்று பேர் வைத்திருந்தாள். அர்த்தம் தெரியாமல் அவளும் அதற்கு ஓடி வருவாள். அவளுடைய ஆள்தான் ஒன்றுமே கேட்க மாட்டேன் என்கிறாரே! முட்டி வலி என்று ஒருநாள் சொல்லியிருந்தார். தினமும் அதையே வேண்டி அவளுக்கு அலுத்துவிட்டது. முட்டி வலி தீர்ந்தால் கட்டில் கட்டிலாகப் போய் எதைக் காட்டுவது?

ஒருநாள் மதியம் சமையல்கட்டுத் தொட்டிக்கு அடியில் பிளம்பர் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருக்க, பொக்கை வந்து அவர் காலைப் பிடித்து ஆட்டினாள். கிழங்கு சீவிக்கொண்டிருந்த சமையல்காரம்மா சிரித்தாள்.

"வேற ஏதாவது பெருசா கேளுன்னு சொல்றா தம்பி. முட்டி வலியெல்லாம் ஒரு வேண்டுதலாங்கறா."

"ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்கக்கா."

"சொன்னேன். ஒண்ணும் வேணாத மனுஷன் உண்டாங்கறா. ஏதாவது சொல்லிவிடுங்க, இல்லன்னா இவ போகமாட்டா."

 தொட்டிக்கு அடியில் ஸ்பேனர் திருகுகிற சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாக அவர் குரல் வந்தது.

"எம்பொண்ணு என்ன விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு வேண்டிக்கச் சொல்லுங்க."

சமையல்காரம்மாவின் கையில் கத்தி நின்றது. "என்ன தம்பி சொல்றீங்க? பொண்ணு எங்க போகுது?"

கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி, விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அத அந்தப் பொண்ணுகிட்டயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்க்கா. அவ அம்மாவும் தனியாத்தான் இருக்கா. என்னால அவ ரெண்டுங்கெட்டான் நெலமையில நிக்கக்கூடாது."

"அப்ப இந்தக் கொழந்த சபையில நின்னு சொன்னா மட்டும் பரவாயில்லையா?"

"இவ பேசற பாஷ அவளுக்கு எங்க புரியப்போகுது?"

சமையல்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். மனசில்லாமல், பொக்கையைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திச் சொன்னாள். பொக்கை முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கும் விஷயம் நன்றாக விளங்கியது. விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை ஜெபக்கூடத்தில் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று பொக்கை தொண்டை கிழியக் கத்தினாள். "ஆண்டவரே, குழாய் மாமாவோட பொண்ணு அவர விட்டுட்டுப் போறாளாம். போகவிடாதீங்க. அவருக்கு வேற யாரும் இல்ல."

எல்லாரும் 'ஆமென்' என்றார்கள். பெரிய சிஸ்டர் திரும்பிப் பிளம்பரைப் பார்த்தார். தினமும் ஜெபத்தைத் தமிழில் சொல்லுகிற சமையல்காரம்மா, வழக்கம்போல அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் குனிந்து, "முட்டி வலி சீக்கிரம் சரியாகணுமாம்" என்று முணுமுணுத்தாள். பிளம்பர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

மகளுக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், திரும்பவும் போட்டாள்.

மறுநாள் அவள் குழந்தைகளை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, "நானும் வரேன்" என்று அப்பாவோடு மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற வேலை. சிமெண்ட் தொட்டி, ஆள் நுழைகிற அளவுக்கு மேலே ஒரு வாய். தண்ணீரை வடித்துவிட்டு அப்பா டார்ச்சோடு உள்ளே இறங்கினார். உள்ளே முழங்கால் வரை சேறு. அவர் வழித்துப் போட, மகள் கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி ஏற்றிக் கொட்ட வேண்டும். சேறு அழுகிய வாடை அடித்தது. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்தது.

அவராகவே சொல்லட்டும் என்று அவள் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஊருக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு இல்ல?"

"ஆமாம்மா. இது முடிஞ்சா வாஷ்பேசின் ஒண்ணு பாக்கி."

"போனதும் நான் பெட்டி கட்டணும்."

"கட்டு. வாளிய இறக்கு."

இறக்கினாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமாப்பா?"

"கயித்த ரெண்டு சுத்து சுத்திப் பிடி. கை எரியாது."

அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. தொட்டியின் வாய்க்குக் கிட்டே மண்டியிட்டு உள்ளே குனிந்து சொன்னாள். "நேத்து பொக்கை என்ன வேண்டிக்கிட்டான்னு எனக்குத் தெரியும்."

உள்ளே பிரஷ் தேய்க்கிற சத்தம் நின்றது.

"முட்டி வலிக்குத்தான்."

"முட்டி வலி இல்ல."

"அந்தக்கா சொல்லிட்டாங்களா?"

"யாரும் சொல்லல. அவங்க பேசறது எனக்குப் புரியும்."

"எப்பலேருந்து?"

"வந்ததுலேருந்து அவங்களோடதானேப்பா கெடக்கேன்? என்ன நீங்க பாத்தாத்தானே."

அப்பா டார்ச்சை அணைத்துவிட்டார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அந்த இருட்டைப் பார்த்து அவள் கத்தினாள். "அந்தச் சின்னப் பிள்ளகிட்டப் போய்ச் சொல்லியிருக்கீங்க. சமையல்கட்டுல சொல்லியிருக்கீங்க. ஆண்டவர்கிட்டச் சொல்லச் சொல்லியிருக்கீங்க. நான் இங்கதானேப்பா இருக்கேன்? நான் போறேன்னு சொன்னப்ப, உன் இஷ்டம்னீங்க. மறுநாளே உக்காந்து என் பெட்டிக்குச் சக்கரம் மாத்திக் குடுத்தீங்க. போய்த் தொலைன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் அழுதேன்."

"சக்கரம் ஒடஞ்சிருந்துச்சும்மா." அவர் குரல் தொட்டிக்குள் முட்டி மோதிப் பெரிதாக வந்தது. "இழுத்துட்டுப் போறப்ப உனக்குக் கை வலிக்குமேன்னு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்க. இப்பவாவது என்கிட்டக் கேளுங்க."

மழை கொஞ்சம் பலத்தது. அவள் முதுகு நனைந்தது. முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் அந்த மனுஷன் கேட்டிருக்கவே மாட்டார். இருட்டாக இருந்ததால்தான் கேட்டார்.

"போகாதம்மா."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்லயே இரு. நான் பேசமாட்டேன், தெரியும். இனிமே பேசறேன். நீ இல்லாத வீட்டுக்கு வேல முடிஞ்சு எப்படிம்மா வர்றது? சாவி போட்டுத் தொறக்கணுமே."

வெளியே அவள் விக்கி விக்கி அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "போகணும்பா. அம்மாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். அம்மா கேட்டாங்க. அழுதாங்க. எனக்காகப் பெரிய வீடா பாத்து மாறிட்டாங்க. இப்பப் போய் இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

"ம்."

"இத நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் அம்மாகிட்டச் சொல்லியே இருக்க மாட்டேன்."

  உள்ளே டார்ச் எரிந்தது.

"வாளிய இறக்கும்மா" என்றார். 

இறக்கினாள். அவர் நிரப்பினார். அவள் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். தொட்டியின் அடி தெரிகிற வரைக்கும் இருவரும் அப்படியே வேலை செய்தார்கள். மேலே ஏறி வந்தபோது அவர் தலைமுதல் கால்வரை சேறாக இருந்தார். மகள் தன் துப்பட்டாவால் அவர் முகத்தை மட்டும் துடைத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை. காது மடலைக்கூட விடவில்லை.

அதன் பிறகு இருந்த நாட்களில் அவர் பேச முயற்சி செய்தார். பாவம், அவருக்குக் குழாயைத் தவிர என்ன தெரியும்? எந்த மாதிரி வால்வு சீக்கிரம் போகும், எது உழைக்கும் என்று சாப்பிடும்போது அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் கிழங்கை உரித்துக்கொண்டே, அதையெல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பொக்கைக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் தினமும் மாலை எழுந்து நின்று அதையேதான் வேண்டினாள். மாடியில் நடந்ததை மகள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த சமையல்காரம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்தப் பிள்ளகிட்ட வேற ஏதாவது வேண்டிக்கச் சொல்லட்டுமா? ஒவ்வொரு நாளும் உங்கப்பா மூஞ்சியப் பாக்க முடியல."

"வேணாம் பெரியம்மா. அவ கேக்கட்டும்."

"நீதான் போகப்போறியே?"

"அதுக்காகக் கேக்கக்கூடாதா?"

அன்று மாலை பொக்கை மற்ற நாட்களைவிட நீளமாக வேண்டினாள். மறுநாள் இவர்கள் போய்விடுவார்கள், இனி ஆண்டவருக்கு ஞாபகப்படுத்த ஆள் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழாய் மாமா நல்லவர், வெந்நீர் கொடுத்தார், அவர் பெண் அவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது, இன்றைக்கும் கூடாது, நாளைக்கும் கூடாது, எப்போதும் கூடாது என்றாள். சமையல்காரம்மா குனிந்து தமிழில் சொல்ல வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டாள்.

எல்லாரும் 'ஆமென்' என்றார்கள். பிளம்பருக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பொக்கைக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக 'ஆமென்' சொன்னாள்.